விபூதியில் ஒரு கோடு

ஐப்பசி 3, வியாழன் (83)

காலையிலிருந்து தூறல். பெரம்பலூரில் பஸ் ஏறும்போது குடை மடங்கவில்லை, அரியலூரில் இறங்கும்போது விரியவில்லை. ஜன்னலோர இடம். வழக்கம்போல் தூங்கிவிட்டேன். வழக்கம்போல் கடல்.

கடலை நான் பார்த்ததே கிடையாது. கனவில் மட்டும் எங்கிருந்து வருகிறதோ. இன்றைய கடல் சுண்ணாம்புக்கல் நிறம். அலை இல்லை, சத்தம் இல்லை, நடுவில் ஒரு குழாய் மட்டும் நட்டமாக நிற்கிறது. அதன் மேல் ஒரு காக்கை. அதற்குள் கண்டக்டர் தட்டி எழுப்பிவிட்டார். "டீச்சரம்மா, அரியலூர் வந்துருச்சு, எறங்குங்க."

எங்கள் வீட்டில் டீச்சர் என் வீட்டுக்காரர்தான். நான் அண்ணன் பட்டறையில் அளவு பார்ப்பவள். திருத்திச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். சொன்னால் பாவம், கண்டக்டர் சங்கடப்படுவார்.

பட்டறையில் இன்று வேலை குறைவு. அண்ணன் ரெட்டிபாளையம், சிமெண்ட் ஆலை வேலையாக. கடைசல் இயந்திரத்தில் ஆயுத பூஜை சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மேசைக்கடியில் பொரி, பொரியைச் சுற்றி எறும்பு. கூட்டித் தள்ளினேன். அப்படியே சாமி அலமாரியையும் துடைக்கப் போனேன்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். புது ஆர்டர் எது வந்தாலும் அதில் ஒரு உருப்படி சாமிக்கு. விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, ஆர்டர் முடியும்வரை படத்துக்கு முன்னால் இருக்கும். இந்தத் தடவை அணுமின் நிலையத்து வால்வுக்கான பின். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு எஃகு முளை. அண்ணன் அதை வைக்கும்போது கண் கலங்கினாராம், அண்ணி சொன்னார்கள்.

விபூதிப் பட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு. மயிரிழை. முடி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. எறும்போ என்று பார்த்தேன். எறும்பு இவ்வளவு நேராக நிற்காது. நகத்தால் விபூதியைச் சுரண்டிவிட்டு, கிண்ணத்திலிருந்து புதிதாகக் கொஞ்சம் எடுத்துக் குழைத்துப் பூசினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே கோடு. தொட்டால் விரலில் எண்ணெய் வாசம்.

யாரிடமும் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், குடைக் கம்பி, இவருக்குச் சிவப்பு மசி.


ஐப்பசி 4, வெள்ளி

கொஞ்சம் வெயில், பிறகு மறுபடி தூறல். சரியான தூக்கம் இல்லை. எனக்கே ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது தலை தெளியட்டும்.

பின் எதற்கு: நிலையத்தில் குழாய்கள். குழாயைத் திறக்க மூட வால்வு. ஆள் கிட்டே போக முடியாத இடங்களில் மோட்டார்தான் திருக வேண்டும். மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றும், பல்சக்கரம் தண்டைச் சுற்றும், தண்டு வால்வை மூடும். பல்சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது எங்கள் பின். அது முறிந்தால் மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றும். வால்வு அசையாது. மூடு என்றால் மூடாது.

யாருக்கு: திருச்சியில் வால்வைத் திருகும் மோட்டார்ப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி. அங்கே கோபாலன் சார். பெட்டிகள் எல்லாம் நிலையத்துக்குப் போய்விட்டன, பின் மட்டும்தான் பாக்கி என்று ஒரே அவசரம். செவ்வாய்க்கிழமை ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

எப்படிச் செய்தோம்: எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கெட்டிப்படும். ஆனால் உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு நிற்கும். சூடு முழுதும் ஆறுவதற்குள் மறுபடி இளஞ்சூட்டில் வைத்து அந்த விறைப்பைத் தளர்த்த வேண்டும். பட்டறையில் அதற்குப் பெயர் பதம். பதத்தைத் தள்ளிப்போட்டால் எஃகு தானாகவே வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாமல்.

ஆயுத பூஜை சனிக்கிழமை. முந்தின நாள் மதியமே நான் பெரம்பலூர் போய்விட்டேன், வீடு கழுவ. அதனால் இன்று அந்தோணியிடம் கேட்டேன். உலை அவர் பொறுப்பு. ஏலாக்குறிச்சிக்காரர், அண்ணனிடம் ஆரம்பத்திலிருந்து இருக்கிறார்.

"வெள்ளிக்கெழம எண்ணெயில போட்டீங்கல்ல, பதம் எப்ப போட்டீங்க?"

"திங்கக்கெழமக்கா. ராவு காலம் போனதும்."

"அன்னிக்கே போடலியா?"

"போடட்டுமான்னு மொதலாளியக் கேட்டேன். உலைய அணைச்சுக் கழுவுப்பா, பொழுது போறதுக்குள்ள பொட்டு வைக்கணும்னாரு. இரும்பு எங்க ஓடிப்போவுது, பூச முடிஞ்சு போட்டுக்கலாம்னாரு. சாமி காரியம், எந்த சாமியா இருந்தா என்னக்கா, அணைச்சுட்டேன்."

பூஜையில் வைத்துவிட்டால் மறுபடி நல்ல நேரம் பார்த்து எடுக்கும்வரை உலையைப் பற்றவைக்கக் கூடாது. சனி பூஜை, ஞாயிறு விடுமுறை, திங்கள் ஒன்பது மணி வரை ராகு காலம். அத்தனை நேரமும் பின் எல்லாம் தாம்பாளத்தில் விறைத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன, பூ போட்டு, சூடம் காட்டி. நான் அங்கே இருந்திருந்தால் அணைக்காதே என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. தீபாராதனைத் தட்டைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள்தானே நானும்.

எப்போதும் சில உருப்படிகள் கூடுதலாகச் செய்வோம். மீந்தது ஏழு. எல்லாம் திங்களன்று பதம் போட்டவை, ஜீப்பில் போனவற்றின் கூடப்பிறந்தவை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணாம்பு கரைத்துப் பூசி, ஜன்னல் திண்டில் பேப்பர் விரித்து வரிசையாக வைத்தேன். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்த சோதனை. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளையில் கோடு போடும். அண்ணன் விபூதி பூசித் தெரியாமலே செய்ததும் இதுதான்.

காத்திருக்கும்போது வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பௌர்ணமி, சிவன் கோவிலில் அன்னாபிஷேகம், சோறு சாத்தியிருப்பார்கள். ஏழு பின்னும் அப்படித்தான் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தன. தூறல் தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றும் வராவிட்டால் நேரே கோவிலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது.

விழித்தபோது மூன்றில் கோடு.

அளவு சரியாகத்தான் இருந்தது. கெட்டியும் சரியாகத்தான் இருந்தது. அதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்.


ஐப்பசி 5, சனி

அண்ணன் மதியம் வந்தார். தலை முழுக்கச் சிமெண்ட் தூசு. மழையில் நனைந்தால் இறுகிப்போவாய் என்று கிண்டல் செய்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

பின்களை மேசையில் வைத்தேன். முதலில் சாமி பின்னைத்தான் பார்த்தார்.

"சாமிக்கு வெச்சத ஏண்டி பாப்பா நோண்டுன?"

சொன்னேன். எல்லாவற்றையும். நின்றுகொண்டே கேட்டார்.

"சாமிகிட்ட இருந்தது பதம் போடாதது. வெடிச்சிருக்கும். அனுப்புனது பூரா பதம் போட்டதுல்ல?"

"மீந்த ஏழும் பதம் போட்டதுதாண்ணே. வெடிச்ச பொறவு பதம் போட்டா ஒட்டாதுண்ணே."

"மூணுதானே?"

"இங்க மூணு. போனதுல எத்தனன்னு தெரியாது."

"தெரியாததப் போயி எதுக்குடி சொல்லணும்?"

"தெரியாததாலதாண்ணே."

உட்கார்ந்தார். அங்கே எத்தனை இஞ்சினியர்கள் இருப்பார்கள், பூட்டுவதற்கு முன்னால் பார்க்கமாட்டார்களா என்றார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்கள் என்றேன். பட்டறையில் இருக்கும் ஆட்களைக் கைகாட்டினார். "இந்த ஆர்டர் போனா திருச்சி பக்கம் ஒருத்தன் நமக்கு ஆணி செய்யக்கூட குடுக்க மாட்டான். இவங்க அடுப்பும் அணைஞ்சிரும். பூச போட்டது தப்புன்னு எழுதப்போறியா? சாமிய இழுக்கப்போறியா?"

"சாமிய இழுக்கல. நாம அணைச்சதத்தான் சொல்றேன்."

"ரெண்டு நாள் பொறு. நான் யோசிச்சு சொல்றேன்."

அண்ணி கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. இருவருமே.


ஐப்பசி 6, ஞாயிறு

பெரம்பலூர். வானம் மூடியே இருக்கிறது. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி வாசம்.

தீபாவளிக்கு: உளுந்து, எள், நல்லெண்ணெய், வெடி (கொஞ்சம்), இவருக்கு வேட்டி. எனக்குச் சேலை எழுத வேண்டியதில்லை. அண்ணன் கொண்டுவருவார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் சீர் வரும். சேலை நிறம் சகிக்காது. ஒரு வருடம் கத்தரிப்பூவில் பச்சை. அதையும் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

இவர் ஜன்னலில் இருந்த கல்லை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் குழியில் நான் பொறுக்கியது, நத்தைபோல் சுருண்டிருக்கும்.

"இது கடல்ல இருந்தது. நம்மூரு பூரா ஒரு காலத்துல கடலு. நீ போயி பாக்கணும்னு இல்ல, அதுவே வந்துட்டு போயிருக்கு."

"நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாமே."

"அது சரி, ரெண்டு நாளா ஏன் கொழம்புல உப்பு இல்ல?"

சொன்னேன். கேட்டுவிட்டுக் கல்லைக் கீழே வைத்தார். "நீ சொல்லாம இருந்துடுவியா?"

"தெரியலைங்க."

"கொழம்புக்கு உப்பு போட மறந்த ஆளு, சொல்லாம எப்படி இருக்கப்போற."

எனக்கு அணு பயமில்லை, அது என்னவென்று சரியாகத் தெரியாததால் இருக்கலாம். எனக்கு அண்ணன் பயம். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர். பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு நடுவே ஒரே பெண், ஊரில் ஆளாளுக்குச் சிரித்தார்கள், அவர் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அந்தப் படிப்புதான் இப்போது அவருடைய பட்டறையைப் பற்றிப் போய்ச் சொல் என்கிறது. அண்ணன் என்னிடம் பேசாமல் போய்விட்டால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மதியத் தூக்கத்தில் மறுபடி கடல். இன்று தண்ணீருக்குள் பின்கள் மீன்களாக நீந்துகின்றன, கூட்டமாக, எல்லாம் ஒரே பக்கமாக. எதில் கோடு என்று பார்க்க நானும் உள்ளே இறங்குகிறேன். தண்ணீர் இளஞ்சூடு. அவ்வளவு சுகம், எழுந்திருக்க மனசே இல்லை.


ஐப்பசி 7, திங்கள்

மழை. பஸ் தாமதம்.

பட்டறையில் அண்ணன் எனக்கு முன்னால் வந்திருந்தார். சாமி அலமாரி முன் நின்றிருந்தார். சாமி பின்னை நன்றாகக் கழுவித் துடைத்து, புது விபூதி பூசி வைத்திருக்கிறார், சனிக்கிழமை சாயங்காலமே வைத்ததாம். கோடு மறுபடி வந்திருந்தது, முன்னைவிட மெல்லியதாக. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"யோசிச்சியாண்ணே?"

"இன்னும் ரெண்டு நாளு."

"அதுக்குள்ள பூட்டிருவாங்கண்ணே. நான் இன்னிக்குப் போன் போடறேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. "போடு. போட்டுட்டு அப்படியே ஒங்க வூட்டுக்குப் போயிரு. இங்க வராத."

சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன்.

போஸ்ட் ஆபீஸ். திருச்சிக்கு டிரங்க் கால். பெஞ்சில் காத்திருப்பு. மணி ஆர்டர் வாங்க வந்த கூட்டம் முழுக்க என் வாயையே பார்க்கிறது. ஒரு வழியாக லைன் கிடைத்தது. இரைச்சல். கத்த வேண்டியதாயிற்று. "சார், பின்ல விரிசல்! விரிசல் சார்! பூட்டாதீங்க!" கோபாலன் சாருக்குப் பாதிதான் கேட்டது. "நேர்ல வாம்மா" என்பதோடு துண்டித்துவிட்டது.

வெளியே வரும்போது ஒரு பெரியவர், "எந்த வூட்டு செவுரும்மா? மழைக்கு இப்படித்தான் வுட்டுக்கும், தார்ப்பாய் போட்டு மூடு" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் அழுதேன். தூங்கவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்த பிறகு கடைசியாகத்தான் என்னிடம் வந்தார்.


ஐப்பசி 8, செவ்வாய்

திருச்சி. இவர் லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். முந்தானையில் முடிந்த பின்கள், டப்பாவில் சுண்ணாம்பு, மருந்து பாட்டிலில் மண்ணெண்ணெய். பாட்டில் மூடி சரியில்லை. பஸ் முழுக்க நாற்றம். பக்கத்து அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்.

கோபாலன் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். "போன்ல வெவரம் ஒண்ணும் புரியல, இப்ப சொல்லுங்க" என்றார். நான் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று அவர் மேசையிலேயே பூசி வைத்தேன். மின்விசிறி சுற்றியது. டீ வந்தது. இருவரும் ஏழு வெள்ளைப் பின்களைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். எனக்கு அந்த நேரத்திலும் கண் சொருகியது. அலை இப்படித்தான் மெதுவாக வருமோ என்று நினைத்தேன்.

முதல் கோடு வந்ததும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது வரும்வரை காத்திருக்கவில்லை, நிலையத்துக்குப் போன் கேட்டார். அரைமணி நேரம் கழித்துக் கிடைத்தது. "பூட்டுறத நிறுத்துங்க. பூட்டுனதையும் கழட்டுங்க. ஆமா, எல்லாத்தையும்."

பிறகு என்னிடம்: "எழுத்துல வேணும்மா. யாரு சொல்றது, பட்டறையா, நீங்களா?"

"நான்தான் சார். கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்." அது பொய் இல்லை.

எழுதிக் கொடுத்தேன். படித்தார். "ஆயுத பூஜைக்காக உலை அணைக்கப்பட்டதால் பதம் போடுவது தாமதமாயிற்று, அப்படின்னே எழுதணுமா? மேல எங்கெங்கேயோ போற காகிதம்மா இது. மின்தடைன்னு போட்டுடலாமே."

அண்ணனுக்கு அது நல்லதுதான். ஒரு நிமிஷம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். "மின்தடைன்னா அடுத்த வருஷமும் அணைப்போம் சார்."

அவர் காகிதத்தை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு டெலிபோனைத் தள்ளி வைத்தார். அதன் மேலும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், காய்ந்துபோய். என் கண் போவதைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். துடைக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், நிலையம் கடலுக்குப் பக்கத்திலா என்று. "சுவரு ஏறிக் குதிச்சா கடல்தாம்மா" என்றார். என் பின்கள் பார்த்துவிட்டன. நான் பார்க்கவில்லை.


ஐப்பசி 12, சனி

மூன்று நாளாக எழுதவில்லை. பட்டறைக்கும் போகவில்லை. காலையில் கை தானாக டிபன் டப்பாவை எடுக்கிறது, பிறகு ஞாபகம் வந்து வைத்துவிடுகிறேன். கண்டக்டர் இவரிடம் கேட்டாராம், டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று.

மதியம் அந்தோணி வந்தார். சந்தையில் துணி எடுக்க வந்தாராம். துணிப் பை கையில் இல்லை. வாசலிலேயே நின்று சொன்னார்.

"ஜீப்பு வந்துச்சுக்கா. கோபாலன் சாரு வந்தாரு. பூட்டுனதெல்லாம் கழட்டிப் பாத்தாங்களாம். பூட்டுனதுலயும் கோடு இருந்துச்சாம். ஒண்ணு கழட்டும்போதே கையில ரெண்டா வந்துருச்சாம்."

கதவைப் பிடித்துக்கொண்டேன். பூட்டிய வால்வில். அது முறிய வேண்டிய நேரம் எப்போது வந்திருக்குமோ.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"வெளிய போயி மழையில நின்னுக்கிட்டாரு. கொட கொண்டுபோயி புடிச்சேன். வேணாம்னுட்டாரு."

"ஆர்டரு?"

"நிறுத்தி வெச்சிருக்காங்க. எஃகு அனுப்புறோம், மறுபடி செஞ்சு காட்டுங்க, பொறவு பாக்கலாம்னு போனாரு. மொதலாளி செய்யிறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க வாய் வரவில்லை. அந்தோணிக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒங்க நாற்காலியில யாரையும் ஒக்கார வுடலக்கா" என்றார்.


ஐப்பசி 15, செவ்வாய்

கனமழை. இவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. உளுந்து வாங்கியாயிற்று, எள் இல்லை. வெடிக்கட்டை அரிசிப் பானைமேல் வைத்திருக்கிறேன், நமுத்துவிடாமல்.

கனவு: தண்ணீர் வற்றிப்போன கடல். நான் நடந்தே போகிறேன். நத்தைக் கற்கள் காலில் குத்துகின்றன. தூரத்தில் அண்ணன் சைக்கிளோடு நிற்கிறார், பெல் அடிக்கிறார், ஏறு என்கிறார். பின் சீட் ஈரம்.

விழித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நான் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சரியாகச் செய்துவிட்டும் இப்படி இருக்கிறது.


ஐப்பசி 17, வியாழன்

மழை விட்டிருக்கிறது. தெருவில் வெடிச்சத்தம். முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது. காரணம், நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சாயங்கால அரியலூர் பஸ் வந்தது. நிறையப் பேர் பையும் கூடையுமாக இறங்கி எங்கள் தெருவைத் தாண்டிப் போனார்கள். அதற்கடுத்த பஸ்ஸும். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதற்கோ பஸ் ஸ்டாண்டு போய்வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்ணன் வரவில்லை.

கத்தரிப்பூவில் பச்சை போட்ட சேலையை எடுத்து நாளைக்குக் கட்ட வைத்திருக்கிறேன். கோபமா அழுகையா தெரியவில்லை.


ஐப்பசி 18, வெள்ளி. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. இட்லி, வடை, கருகிய முறுக்கு. இவருடைய புது வேட்டியில் மஞ்சள். பழைய சேலையில் நான்.

பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. சீர் வராவிட்டால் போகட்டும், தங்கச்சி பலகாரம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இல்லை. தூக்குச்சட்டியில் முறுக்கும் அதிரசமும். பஸ் காலியாக இருந்தது. அதே கண்டக்டர், நெற்றியில் குங்குமம். "ஸ்கூல் லீவுதானே டீச்சரம்மா?" ஒரு வாய் முறுக்கு கொடுத்தேன். தூங்கவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே, "பட்டறையில இருக்காரு, நேத்துலேருந்து. சொன்னா கேக்கமாட்டேங்குறாரு" என்றார்கள்.

தீபாவளியன்று பட்டறை. தெருமுனையிலேயே உலைச் சத்தம் கேட்டது. ஒருநாளும் இல்லாத விஷயம். கதவு திறந்திருந்தது. அண்ணன் ஸ்டூலில், கரி படிந்த பனியன், கண் சிவந்து, தாடி முளைத்து. புது வேட்டி கட்டியிருக்கிறார், அதிலும் கரி. எதிரே உலை எரிந்துகொண்டிருக்கிறது. கம்பெனி எஃகு புதன்கிழமைதான் வந்ததாம்.

சாமி அலமாரியைப் பார்த்தேன். விரிசல் விட்ட பழைய பின் அப்படியே இருந்தது. விபூதி இல்லாமல், கோடு தெரியாமல். அதன் பக்கத்தில் துணிக்கடைப் பார்சல், மூலையில் மஞ்சள் தடவி.

"நேத்து வரல" என்றேன்.

"நேத்து மத்தியானம் பத்த வெச்சது. ஒவ்வொரு தட்டா எண்ணெயில போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள பதத்துக்கு ஏத்திக்கிட்டு இருக்கேன். நல்ல நாளு, அந்தோணிய ஒறங்க அனுப்பிட்டேன். பாதியில வுட்டுட்டு சேல தூக்கிக்கிட்டு வரச் சொல்றியா?"

பேச வராதபோது எனக்குக் கிண்டல்தான் வரும். "இரும்பு எங்கண்ணே ஓடிப்போவுது? தீவாளி முடிஞ்சு போட்டுக்கலாமே."

நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாள் கழித்து.

"ஓடாது பாப்பா. குந்துன எடத்துலயே வெடிக்கும்."

பிறகு ஓரமாகக் கையைக் காட்டினார். நேற்றிலிருந்து முடிந்த தட்டுகள் வரிசையாக. பக்கத்தில் மண்ணெண்ணெய்ச் சட்டி, ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பு கரைத்து மூடி வைத்திருந்தார், தண்ணீர் கொஞ்சம் அதிகம். "எனக்குச் சரியாப் பூச வரல. நீயே பாரு. நீ பாக்காம இதுல ஒண்ணுகூட வாசலத் தாண்டாது."

முறுக்கைத் தின்றார். கருகியிருக்கு என்றார். எனக்கு அழுகை வந்தது, புகை என்று சொல்லிக்கொண்டேன். இன்று புகையே இல்லை.

பார்சல் பிரித்துப் பார்த்தேன். மாம்பழ மஞ்சளில் நீலம். கடவுளே.

அதைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். சுண்ணாம்பு பட்டுவிடும், வேலை முடியட்டும் என்றேன். முதல் தட்டு ஊறி, துடைத்து, பூசி, ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே எங்கோ சரவெடி. உலைச் சத்தம் தூரத்துக் கடல் மாதிரி இருக்கிறது, இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் தூங்காமல், "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இல்லண்ணே. இதுவரைக்கும் வெள்ளைதான்.